நிற்க இடம் தந்த வீதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வவுனியா புகையிரத நிலைய வீதியில் மாலை நேரங்களில் மாணவர்கள் கூட்டம் கூட்டமாக நிற்கிறார்கள், எவ்வளவு கண்ணியமாக இருந்த வீதி இப்படியாகிவிட்டதே என்று வாசகர் ஒருவர் உங்கள் பத்திரிகையில் வருத்தப்பட்டிருந்தார். இரண்டு தரம் வாசித்தேன். அவர் சொல்லும் அந்தக் கண்ணியமான வீதியில் என் ஐயா ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் சைக்கிள் கடை வைத்திருந்தார். அவருக்குப் பிறகு நான் சில காலம் வைத்திருந்தேன். அந்த உரிமையில் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம். வெட்டத்தான் வேண்டுமென்றால் எங்கு வேண்டுமானாலும் வெட்டுங்கள், தேநீர்க் கடையைப் பற்றிய பகுதியை மட்டும் விட்டுவிடுங்கள்.

யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்கியது 1956 இல். நான் பிறந்தது அடுத்த வருடம். எங்கள் வீட்டில் மணிக்கூடு இருந்தது, ஆனால் அதை யாரும் பார்த்ததில்லை. யாழ்தேவி வந்துவிட்டதா, போய்விட்டதா, இதுதான் நேரம். அம்மா உலை வைப்பதும், ஐயா கடையைப் பூட்டிவிட்டுச் சாப்பிட வருவதும், நாங்கள் குளத்துக்குப் போய்க் குளிப்பதும் எல்லாம் அதை வைத்துத்தான். வண்டி பிந்தினால் வீட்டில் சோறும் பிந்தும்.

வடக்குக்கான ரயில் பாதை முழுவதும் திறந்தது 1905 இல். அதற்கு முன் இது காடும் குளமும்தான். பழைய ஆங்கிலேயர் பதிவுகளில் ஊரின் பெயரே வவுனியா விளாங்குளம் என்றுதான் இருக்கிறது. பாதை வந்தபிறகு நிலையம், நிலையத்துக்குப் பக்கத்தில் சிவப்பு ஓடு போட்ட ஊழியர் விடுதிகள், விடுதிகளுக்கு முன்னால் குரோட்டன் வேலி, வேலிக்கு வெளியே வாகை மரங்கள். மாலையானால் இலையைக் கூப்பிவிடும் தூங்குமூஞ்சி வாகை. அதன் நெற்று இனிப்பு. மாடுகள் தேடி வந்து தின்னும். நாங்களும் தின்றிருக்கிறோம், அம்மாவுக்குத் தெரியாமல்.

வண்டி வருவதற்கு அரை மணித்தியாலம் முன்பே வீதி விழித்துவிடும். ஒஸ்ரின் ஏ-40 கார்கள் மூன்று நான்கு நிழலில் வந்து நிற்கும். கச்சேரிக்கு, அதாவது அரச செயலகத்துக்கு, போகிற பெரியவர்கள் வெள்ளை வேட்டியின் தலைப்பைக் கையில் பிடித்தபடி கிரவலில் தூசு கிளம்பாமல் மெல்ல நடப்பார்கள். நிலையத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டில் யாராவது தட்டினால், வண்டி முந்தின நிலையத்தை விட்டு வெளிக்கிட்டுவிட்டது என்று அர்த்தம். பாலைப்பழக் காலத்தில், வைகாசி ஆனியில், பெண்கள் வாழையிலை மூடிய கடகத்தோடு வந்து குந்துவார்கள். சுண்டுப் பேணியால் அளந்து தருவார்கள். பாலைப்பழம் தின்றவர்களுக்குத் தெரியும், உதடு ஒட்டிக்கொள்ளும். கொழும்பிலிருந்து வந்து இறங்கும் கனவான்களும் உதடு ஒட்டிப்போய்ப் பேச முடியாமல் நிற்பதைப் பார்ப்பது எங்களுக்கு ஒரு பெரிய விளையாட்டு.

எங்கள் கடை மரத்தடியில் இருந்தது. கடை என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. முன்னால் ஒரு பலகைத் தட்டி, பின்னால் கிடுகுக் கொட்டகை. முன்பக்கத்தில் ஒட்டுப் போடுவது, காற்று அடிப்பது, வளைந்த றிம் நிமிர்த்துவது. பின்பக்கத்தில் சைக்கிள் பாதுகாப்பு. நெளுக்குளத்திலிருந்தும் மகாறம்பைக்குளத்திலிருந்தும் சாஸ்திரிகூழாங்குளத்திலிருந்தும் சைக்கிளில் வந்து அதை எங்களிடம் விட்டுவிட்டு ரயில் ஏறுவார்கள். (எங்கள் பக்கத்தில் ஊரைக் கேட்டால் பாதிப் பேர் ஒரு குளத்தின் பெயரைத்தான் சொல்வார்கள்.) ஐயா ஒரே எண்ணை மூன்று மட்டைத் துண்டுகளில் எழுதுவார். ஒன்று ஹான்டிலில் கட்ட, ஒன்று சொந்தக்காரர் கையில் கொடுக்க, ஒன்று பால்மா ரின்னுக்குள் போட. எழுத்துக் கூட்டி வாசிக்கத்தான் அவருக்குத் தெரியும். ஆனால் இலக்கங்களை அச்சடித்ததுபோல் எழுதுவார்.

1970 க்குப் பிறகு வந்த இறக்குமதிக் கட்டுப்பாட்டில் ரயர் கிடைக்காது. வெடித்த ரயருக்குள் பழைய ரயர்த் துண்டை வைத்து, செருப்புத் தைக்கிற ஊசியால் தைப்பார். தைத்த இடம் சில்லு சுற்றும்போதெல்லாம் டக் டக்கென்று அடிக்கும். அந்தச் சத்தத்தை வைத்தே யார் வருகிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். அதே காலத்தில் மிளகாயும் வெங்காயமும் செய்த கமக்காரர்கள் கையில் காசு புரண்டது. மூட்டைகள் நிலையத்தில் மலைபோல் கிடந்தன. காசு இருந்தது, ரயர் இல்லை. புதுச் சைக்கிள் வாங்க வசதியுள்ள மனிதர் தைத்த ரயரில் டக் டக்கென்று வருவார்.

கடைக்கு முன்னால் ஒரு வாங்கு. அதைப் பற்றிச் சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன். பாதை திருத்தும் தொழிலாளர்கள் தண்டவாளத்தின் கீழிருந்து கழித்துப்போட்ட சிலிப்பர்க் கட்டை ஒன்றை ஐயா கேட்டு வாங்கி, இரண்டு கல்லின் மேல் கிடத்தினார். அவ்வளவுதான். ஆறு பேர் இருக்கலாம். பக்கத்தில் மண்பானையும் ஒரு அலுமினியக் குவளையும். வியாபாரத்துக்காகப் போட்டதா என்றால் இல்லை. அதில் இருந்தவர்களில் பத்துக்கு ஒருவர்கூடச் சைக்கிள்காரர் இல்லை. வண்டிக்குக் காத்திருப்பவர், வண்டியைத் தவறவிட்டவர், ஆஸ்பத்திரிக்கு வந்தவர், கோர்ட்டில் தவணை கேட்டுத் திரும்பியவர். சும்மா வந்தவர்களும் உண்டு. "ஏன் இங்கே இருக்கிறாய்" என்று யாரையும் யாரும் கேட்டதில்லை.

கேட்கப்பட்ட இடமும் அதே வீதியில் இருந்தது. இதுதான் நான் வெட்டவேண்டாம் என்று சொன்ன பகுதி. நிலையத்துக்குக் கிட்ட ஒரு தேநீர்க் கடை. பளபளவென்று துலக்கிய பித்தளைப் பாத்திரம், சுவரில் சாமி படம், ஊதுபத்தி வாசம். பழைய வீதியின் அழகைச் சொல்பவர்கள் எல்லாரும் இந்தக் கடையையும் சொல்வார்கள். அங்கே சிலருக்குக் கிளாஸில் தேநீர். சிலருக்கு வெளியே, தனியாக வைத்த தகரப் பேணியில். குடித்தபின் அவர்களே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகவேண்டும். என் ஐயா பேணியில் குடித்தவர். பிறகு குடிப்பதையே விட்டுவிட்டு மண்பானை வைத்தார். தன் குவளையை அவர் யாரையும் கழுவச் சொன்னதில்லை; தானே கழுவுவார். கச்சேரிப் பெரியவர்களும் வெயில் தாங்காத நாளில் அந்தக் குவளையில் வாய் வைக்காமல் அண்ணாந்து குடித்திருக்கிறார்கள். அந்த வீதியின் கண்ணியம் என்று எனக்கு நினைவில் நிற்பது அந்த வாங்கும் பானையும்தான். சிவப்பு ஓடும் குரோட்டனும் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வேலிக்குள் நான் ஒரு நாளும் போனதில்லை.

1990 ஜூனில் மீண்டும் சண்டை தொடங்கியபோது எங்கள் கொட்டகையில் இருபத்தேழு சைக்கிள்கள் நின்றன. காலையில் விட்டுவிட்டு ரயில் ஏறியவர்கள், இரண்டு மூன்று நாளில் வருகிறேன் என்று போனவர்கள். நாங்களும் ஓடினோம். எங்கே, எப்படி என்பதெல்லாம் வேறு கதை, வவுனியாவில் எல்லாரிடமும் அப்படியொரு கதை இருக்கிறது. திரும்பி வந்து பார்த்தபோது கொட்டகை இல்லை. சைக்கிள்களில் ஒன்றுகூட இல்லை. கடைக் கதவு நிலையோடு போயிருந்தது. வாங்கு மட்டும் போட்ட இடத்திலேயே கிடந்தது. கதவை நிலையோடு பெயர்த்தவர்களால் அந்தக் கட்டையைத் தூக்க முடியவில்லை போலும். பால்மா ரின்னை ஐயா ஓடும்போதே கையில் எடுத்திருந்தார். அம்மா அதற்காக அவரோடு பேசாமல் இருந்தார் சில நாள். நகைப்பெட்டியை விட்டுவிட்டு மட்டைத் துண்டுகளை எடுத்துக்கொண்டு வந்த மனிதரோடு என்ன பேசுவது?

ரயில் வவுனியாவோடு நின்றுவிட்டது. வடக்கே தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டைகளும் பிடுங்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் போயின. நடு நிலையமாக இருந்தது கடைசி நிலையமாயிற்று. அதன் பிறகு வந்த பாஸ் காலத்தைப் பற்றி இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். சொந்த நாட்டில் ஒரு நகரத்தில் இத்தனை நாள்தான் தங்கலாம் என்று கையில் ஒரு கடதாசி. அது முடிந்தால் இன்னொரு கடதாசிக்கு வரிசை. அந்த ஆண்டுகளில் எங்கள் வாங்கு காலியாகக் கிடந்ததே இல்லை. இரவில் அதில் படுத்தவர்களும் உண்டு. ஐயா பானையை இரண்டாக்கினார். வீதி அப்போது அழகாக இருக்கவில்லை. மண்மூட்டையும் முள்ளுக்கம்பியும் பாதி வீதியைப் பிடித்திருந்தன. ஆனால் ஒரு மரமும் ஒரு வாங்கும் இருந்தால் எத்தனை பேர் ஒரு பகலைக் கடத்தலாம் என்பதை அப்போதுதான் கண்டேன்.

துண்டோடு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஐந்து வருடம், ஏழு வருடம் கழித்தும் வந்தார்கள். ஐயா ரின்னைக் கவிழ்த்து அதே எண்ணைத் தேடியெடுத்து, அவர்கள் துண்டுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டுவார். "துண்டு இருக்கிறது, சைக்கிள் இல்லை" என்பார். யாரும் சண்டை பிடிக்கவில்லை. 2002 இல் வடக்குக்கான ஏ-9 வீதி திறந்த பிறகு ஒரு பெண்மணி மல்லாவியிலிருந்து வந்தார். 34 ஆம் எண். 1990 இல் அக்காவின் பிள்ளைப்பேற்றுக்கென்று கொடிகாமத்துக்கு ரயில் ஏறியவர், நெளுக்குளத்துக்கு அதன் பின் திரும்பவே முடியாமற் போய்விட்டது. அந்தப் பிள்ளை பன்னிரண்டு வயதாகி, பின்னல் இரண்டாக மடித்துக் கட்டி, அவருக்குப் பக்கத்தில் நின்றது. ஐயா வழக்கம்போல் துண்டைத் தேடி எடுத்து வைத்தார். அந்த அம்மா இரண்டு துண்டுகளையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சைக்கிள் போனதற்குப் பரவாயில்லை ஐயா, இரண்டு நாளைக்கு முன்தான் அதற்குப் புதுச் சீற் போட்டேன்" என்றார். பிறகு அவரே சிரித்துவிட்டார். ஐயாவும் சிரித்தார். பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாங்கில் இருந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

ஐயா 2007 இல் காலமானார். 2009 இல், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மனிக்பாம் முகாமில் இருந்த தங்கள் ஆட்களைப் பார்க்கத் தூர இடங்களிலிருந்து ரயிலில் வந்தவர்களை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மூன்றாவது பானை வைத்திருப்பார். நான் இரண்டோடு நிறுத்திக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

பிறகு எல்லாம் திறந்தது. ரயில் 2011 இல் ஓமந்தைக்கும், 2013 இல் கிளிநொச்சிக்கும், 2014 இல் யாழ்ப்பாணத்துக்கும் போயிற்று. முதல் நாள் நானும் நிலையத்தில் நின்று கை தட்டினேன். எங்கள் தொழில் அதற்குள் முடிந்திருந்தது. மோட்டார் சைக்கிள்காரனுக்கு ஒட்டுப் போட வேறு கடைகள் வந்துவிட்டன. நிலையத்துக்கு வருகிறவர்கள் ஓட்டோவில் வந்து இறங்கி ஓட்டோவில் போகிறார்கள். வீதி அகலித்து, வடிகால் கட்டி, கொங்கிறீட் மூடி போட்டார்கள். அந்த வேலையில் கடைக்கு முன்னால் நின்ற வாகையும் போயிற்று. யார் வெட்டியது என்று எழுதப்போவதில்லை. வெட்டியவர்கள் கையிலும் ஒரு கடதாசிதான் இருந்தது. காலை எட்டு மணிக்குத் தொடங்கி, மத்தியானம் மூன்று மணிக்கு அடிக்கட்டை மட்டும் மிச்சம். வாங்கை அன்றே இயந்திரத்தால் தூக்கி லொறியில் போட்டார்கள். அவர்களுக்கு அது தூக்கக்கூடியதாக இருந்தது. அது எங்கே போனது என்று மூன்று தரம் போய்க் கேட்டேன். மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள்.

வடக்குப் பாதையைத் திருத்துவதற்காக 2023 ஜனவரி முதல் ஜூலை வரை எங்கள் நிலையத்துக்கு அநுராதபுரப் பக்கமிருந்து ரயில் வரவில்லை. அந்த மாதங்களில் ஒன்றைக் கவனித்தேன். ரயில் இல்லாமல் நிலைய வீதி வெறிச்சோடிவிடும் என்று எதிர்பார்த்தேன், நடக்கவில்லை. பிற்பகல் இரண்டு மணிக்கு வழக்கம்போல் வீதி நிறைந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, இந்த வீதி ரயிலைவிட்டு எப்போதோ பிள்ளைகளின் கைக்குப் போய்விட்டது என்று.

வைரவபுளியங்குளப் பக்கம் வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். தனியார் கல்வி நிலையங்கள் ஒன்றோடொன்று தோள் உரசி நிற்கின்றன. மதிலெல்லாம் பதாகை. உயர்தரம் கணிதம், இரசாயனவியல், சாதாரண தரம் விஞ்ஞானம், புலமைப்பரிசில் விசேட வகுப்பு, கோட் போட்ட ஆசிரியர்களின் படம். செட்டிகுளத்திலிருந்தும் நெடுங்கேணியிலிருந்தும்கூடப் பிள்ளைகள் பஸ் ஏறி வருகிறார்கள். பாடசாலை இரண்டு மணிக்குள் முடிந்துவிடும். வகுப்பு மூன்றரைக்கு. அது முடிந்தால் அடுத்த வகுப்பு ஐந்தரைக்கு. இடையில் இருக்கிற நேரத்தில் அந்தப் பிள்ளை எங்கே இருக்கவேண்டும்? முந்தின வகுப்பு முடியும்வரை உள்ளே விடமாட்டார்கள். வாங்குமேசைகள் இடுப்போடு இடுப்பு இடிக்கிற மண்டபத்தில் விடவும் முடியாது. வீட்டுக்குப் போய் வரத் தூரம். வெதுப்பகத்தில் ஒரு வணிஸ் வாங்கித் தின்றால் பத்து நிமிடம் இருக்கலாம், அதற்குமேல் முதலாளி முகத்தைப் பார்க்கவேண்டும். ஆகவே வடிகால் மூடியில் நிற்கிறார்கள். சைக்கிளில் சாய்ந்து நிற்கிறார்கள். யாரோ ஒருவருடைய மதிலோரத்தில் மதிலின் நிழல் நகர நகரத் தாங்களும் நகர்ந்து நிற்கிறார்கள்.

அதற்குள் சிலர் கூச்சல் போடுவார்கள், மோட்டார் சைக்கிளை முறுக்குவார்கள், பெண்பிள்ளைகளுக்குப் பின்னால் திரிவார்கள். இல்லையென்று சொல்ல நான் கண் தெரியாதவன் அல்ல. அடிபாடும் நடந்திருக்கிறது. அவர்களைப் பொலிஸ் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் வாசகர் எழுதியது அவர்களைப் பற்றி மட்டுமல்ல. "கூடி நிற்பது" என்பதே அவருக்குக் குற்றமாகப் பட்டிருக்கிறது. இந்த ஊரிலேயே, கண்டி வீதி ஓரத்தில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் தாய்மார் 2017 பெப்ரவரியிலிருந்து கொட்டகை போட்டு இருக்கிறார்கள். வீதியோரம் இருப்பவர்கள் எல்லாரும் வேலையில்லாமல் இருக்கவில்லை என்பது வவுனியாவில் இருப்பவருக்குத் தெரியாதா?

போன சித்திரையில் என் வீட்டுப் படலைக்கு வெளியே, மதில் நிழலில், இரண்டு பிளாஸ்ரிக் கதிரை போட்டேன். பிறகு நான்கு. ஒரு பானையும் வைத்தேன். பிள்ளைகள் பானையைப் பார்த்துச் சிரித்தார்கள், ஆனால் குடித்தார்கள். ஒரு சின்னப் பெண், ஏழாம் எட்டாம் வகுப்பாக இருக்கும், "தாத்தா, இதில் இருந்து வீட்டுவேலை செய்யலாமா" என்று கேட்டது. எழுதும்போது நாக்கை ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு எழுதியது. மூன்றாம் நாள் ஒருவர் வந்தார். யார், எங்கிருந்து என்பது வேண்டாம். கதிரை போட்டுக் காவாலிகளைச் சேர்க்கிறேன் என்று அக்கம்பக்கத்தில் முறைப்பாடாம். உள்ளே எடுத்து வைக்கச் சொன்னார். எடுத்து வைத்தேன். எனக்கு அறுபத்தெட்டு வயது, சண்டை பிடிக்கும் வயது இல்லை. பானையை எடுக்கவில்லை. அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பழைய வீதியைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்கவில்லை, ஆசிரியர் அவர்களே. ஏ-40 கார் வேண்டாம். அந்தத் தேநீர்க் கடை எனக்கு வேண்டவே வேண்டாம். நிலையத்திலிருந்து குளக்கரை வரை, வடிகாலுக்கு உட்பக்கமாக, ஆறு வாங்கு. சீமெந்தில் கட்டினாலும் சரி; ஆனால் மரம் இல்லாமல் சீமெந்து வாங்கு போட்டால் பங்குனி சித்திரையில் அதில் யாரும் இருக்க முடியாது, அப்பம் சுடலாம். ஒரு தண்ணீர்க் குழாய். பெண்பிள்ளைகளுக்கு ஒரு மலசலகூடம். இதை எந்தப் பதாகையிலும் நான் காணவில்லை, எந்த வாசகர் கடிதத்திலும் காணவில்லை. வீதிக்குப் பொறுப்பானவர்கள் இதைச் செய்யவேண்டும். மாதக் கட்டணம் வாங்கும் கல்வி நிலையங்களும் ஆளுக்கொரு வாங்கு தரலாம். தங்கள் பெயரை அதில் எழுதிக்கொள்ளட்டும், மதிலில் எழுதுவதைவிட நல்லது.

மரத்துக்கு யாரும் அலையவேண்டியதில்லை. வாகையை வெட்டிய அன்று கீழே கிடந்த நெற்றுகளில் கொஞ்சம் பொறுக்கி வைத்திருந்தேன். பல முளைக்கவில்லை, சிலவற்றை ஆடு தின்றது. முளைத்ததில் ஒன்று என் வளவில் பெரிதாக வளர்ந்து, அதுவே இப்போது நெற்றுப் போடுகிறது. அதன் கன்றுகள் ஏழு, பெயின்ற் வாளிகளில் என் இடுப்பளவுக்கு நிற்கின்றன. ஐப்பசி மழை பிடித்தவுடன் நடவேண்டும். பிந்தினால் வேர் வாளியைச் சுற்றிவிடும். படலை பகலில் பூட்டுவதில்லை. கையில் ஒரு கடதாசியும் இல்லாமல் வந்து எடுத்துக்கொண்டு போகலாம்.

இப்படிக்கு,
பழைய சைக்கிள் கடைக்காரரின் மகன்,
வைரவபுளியங்குளம், வவுனியா.